‘போன வாரம் போனோமே, ஞாபகம் இருக்கா?’ – சிறு குழந்தைகளின் நினைவாற்றல்

“எதைச் சொல்லிக்கொடுத்தாலும் மறந்துடறான் டாக்டர். ஞாபக சக்திக்கு ஏதாவது டானிக் எழுதிக்கொடுங்க.”

பையனுக்கு இரண்டு வயதுகூட முடிந்திருக்காது. அம்மா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஊசி போடும் அறையின் கதவைப் பார்த்துவிட்டு அவன் அம்மாயியின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டிருப்பான். போன தடவை அந்தக் கதவுக்குள் என்ன நடந்தது என்பது அவனுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. மறந்துபோனது ஏ, பி, சி, டி மட்டும்தான்.

சேலத்தில் ப்ரீ-கேஜி சேர்க்கை தொடங்கும் மாதங்களில் இந்தக் கேள்வி கூடிவிடுகிறது. முதலில் டானிக் விஷயத்தை முடித்துவிடுகிறேன்: இந்த வயதில் நினைவாற்றலைக் கூட்டும் என்று நிரூபிக்கப்பட்ட டானிக் எதுவும் கிடையாது. வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நினைவு என்பது பேச்சு வந்த பிறகு தொடங்குவதில்லை. பிறந்து ஓரிரு நாளான சிசுவே அம்மாவின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிகிறது. வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்டுப் பழகிய குரல் அது. நம் ஊர்க் குழந்தைகளுக்குக் கொலுசு போட்ட சில நாளில், காலை உதறினால் சத்தம் வரும் என்று கண்டுபிடித்து விடாமல் உதறுவதைப் பார்த்திருப்பீர்கள். (கழன்று விழும் முத்து உள்ள கொலுசு மட்டும் வேண்டாம், நேராக வாய்க்குத்தான் போகும்.) அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கரோலின் ரோவீ-கோலியர் ஏறக்குறைய இதையே சோதனையாகச் செய்தார். தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையையும் குழந்தையின் காலையும் ஒரு ரிப்பனால் இணைத்தார். உதைத்தால் பொம்மை ஆடும். இரண்டு மாதக் குழந்தை இதை ஓரிரு நாள் நினைவில் வைத்திருந்தது. மூன்று மாதக் குழந்தை ஒரு வாரம், ஆறு மாதக் குழந்தை இரண்டு வாரம். மறந்துவிட்டதோ என்று தோன்றிய பிறகும், பொம்மை ஆடுவதைச் சற்று நேரம் காட்டினால் போதும், பழைய நினைவு திரும்பியது.

ஒரு வயதைத் தாண்டியதும் பார்த்ததைப் பிறகு செய்துகாட்டும் திறன் நன்றாகத் தெரியும். 1988-இல் அமெரிக்க உளவியலாளர் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் 14 மாதக் குழந்தைகளின் முன்னால் ஒரு பெட்டியை நெற்றியால் முட்டி விளக்கை எரியவைத்துக் காட்டினார். அப்போது பெட்டியைத் தொட விடவில்லை. ஒரு வாரம் கழித்துக் கையில் கொடுத்தபோது பெரும்பாலான குழந்தைகள் நெற்றியால்தான் முட்டின! செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறை வீட்டுக் குழந்தைகள் ஏதாவது ஒரு குச்சியை வாயில் வைத்து ‘ஃபூ’ என்று ஊதுவதும் இதே கணக்குதான். தாத்தா ஊதுகுழலால் ஊதி வெள்ளியைப் பற்றவைப்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே குழந்தை பார்த்து வைத்திருக்கிறது.

அப்படியென்றால் ஏற்காடு போய்வந்ததைக் கேட்டால் ஏன் விழிக்கிறான்? நடந்ததை ‘அன்றைக்கு, அங்கே, இன்னாருடன்’ என்று கோத்து வைப்பது வேறு வேலை. மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிதான் அதற்குப் பொறுப்பு. பிறந்த பிறகும் பல ஆண்டுகள் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்த குழந்தை அடுத்த முறை காரைப் பார்த்தாலே சிணுங்கலாம். ஆனால் ஏரியில் படகில் போனதை வளர்ந்த பிறகு சொல்லத் தெரியாது. பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள், பெரும்பாலோரின் முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்கும். டொராண்டோவில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. இளம் வயதில் ஹிப்போகேம்பஸில் புதுச் செல்கள் வேகமாகப் பெருகுவதே பழைய நினைவுகள் கலைந்துபோக ஒரு காரணம் என்று அது காட்டியது.

இந்த மூன்று வயதுக் கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. நியூசிலாந்தின் மவோரி மக்களிடம் கேட்டபோது அவர்களுடைய முதல் நினைவு சராசரியாக இரண்டரை வயதைச் சற்றே தாண்டிய பருவத்தைச் சேர்ந்ததாக இருந்தது. நடந்துபோன கதைகளைக் குழந்தைகளோடு நிறையப் பேசும் பழக்கம் அவர்களுடையது. அதே நாட்டில் எலெய்ன் ரீஸ் போன்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வுகளிலும், நடந்ததை விரித்துப் பேசும் அம்மாக்களின் குழந்தைகள் பின்னாளில் நிகழ்ச்சிகளை நிறைவாக நினைவுகூர்ந்தார்கள்.

நம் வீடுகளில் குழந்தையிடம் பேச்சுக்குக் குறைவே இல்லை. ஆனால் பாதிப் பேச்சு தேர்வுதான். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போய்வந்த அன்று மாலை நடப்பது இது: “என்ன பாத்த? சொல்லு. மான் என்ன கலர்? மாமாகிட்ட இங்கிலீஷ்ல சொல்லு.” குழந்தை வாயை மூடிக்கொள்ளும். உடனே “அதுக்குள்ள மறந்துட்டான்” என்று தீர்ப்பு.

அதே நாளை இப்படிப் பேசிப்பாருங்கள்: “கண்ணு, இன்னைக்கு நாம பஸ்ல போனோம்ல, நீ ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிட்ட. அப்புறம் மயில் ஒண்ணு கத்துச்சே, நீகூட பயந்து அப்பாகிட்ட ஓடுன. எப்படிக் கத்துச்சு?” அவன் கத்திக்காட்டினால் அதுதான் பதில். “ஆமா, அப்படித்தான் கத்துச்சு. அப்புறம் அப்பா உன்னைத் தூக்கிக்கிட்டாரு” என்று நீங்கள் அடுத்த கண்ணியைச் சேருங்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்த அவசரம் வேண்டாம். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கவும் தேவையில்லை, சோறு ஊட்டும்போது போதும். ஒரே கதையை நாலு நாள் கேட்டாலும் அலுக்காமல் சொல்லுங்கள். திரும்பக் கேட்பது அவனுக்குத் தேவைப்படுகிறது. அப்பாயி, அம்மாயி உள்ள வீடுகளில் இது தானாக நடக்கும், அவர்கள் கையில் போன் இல்லாதவரை.

ஃபிளாஷ் கார்டு காட்டி நாடுகளின் தலைநகரம் ஒப்பிக்க வைப்பது பற்றி என் கருத்தைக் கேட்டால், உறவினர் கைதட்டுவார்கள், அவ்வளவுதான்.

அடுத்த புகார்: “சொன்னதைச் செய்யறதே இல்லை.” “செருப்பைக் கழட்டிட்டு, கை கழுவிட்டு, பையை உள்ள வெச்சிட்டு வா” என்று ஒரே மூச்சில் சொன்னால் இரண்டு வயதுக்கு முதல் வேலையோ கடைசி வேலையோதான் மிஞ்சும். அடம் என்று நினைத்து அடிக்காதீர்கள். இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் செய்வதே இரண்டரை வயதுவாக்கில் வரும் திறன்.

பகல் தூக்கத்தைக் குறைத்தால் இரவு நன்றாகத் தூங்குவான் என்று எழுப்பிவிடுகிறார்கள். 6, 12 மாதக் குழந்தைகளிடம் ஜெர்மனியில் செய்த ஆய்வில், புதிதாக ஒன்றைக் கற்ற நான்கு மணி நேரத்துக்குள் அரை மணியாவது தூங்கியவர்களுக்கே அது நினைவில் நின்றது. அதனால் தூங்கட்டும், விடுங்கள். போனைப் பொறுத்தவரை, வெளியூர் உறவினரோடு வீடியோ காலில் பேசுவது தவிர இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. நேரில் ஒருவர் செய்துகாட்டினால் கற்பதைவிடத் திரையில் பார்த்து அந்த வயதுக் குழந்தை குறைவாகத்தான் கற்கிறது.

டானிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரும்புச்சத்தைப் பற்றி. ஹிப்போகேம்பஸ் வளர இரும்புச்சத்து அவசியம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. ஒன்றரை வயதில் பாட்டிலில் நாலைந்து வேளை பசும்பால், இடையில் டீயில் தொட்ட வர்க்கி, சோறு இரண்டு வாய் என்று வளரும் குழந்தைக்கு இரும்பு எங்கிருந்து வரும்? பாலில் அது மிகக் குறைவு, டீயோ இருப்பதையும் உடம்பில் சேரவிடாது. கம்பங்கூழ், முருங்கைக்கீரை, முட்டை, சாப்பிடும் வீடுகளில் ஈரல், கூடவே கொய்யாவோ எலுமிச்சையோ கொடுங்கள். வாரம் இரு முறை கொடுக்கச் சொல்லி கிராம செவிலியர் தரும் இரும்புச்சத்து சிரப் பாட்டிலை அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

சில நேரம் ‘மறக்கிறான்’ என்று அழைத்துவரப்படும் குழந்தைக்குக் காதுதான் கேட்காமல் இருக்கும். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கினால் பாதிப் பேச்சு எட்டாது. எனவே முதலில் செவித்திறன் பரிசோதனை. ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் கைசாடை இல்லாமல் ‘பந்தை எடுத்துட்டு வா’ என்பது புரியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே பேசிய வார்த்தைகள் காணாமல் போனால் அதை மறதி என்று விட்டுவிடாமல் அந்த வாரமே காட்டுங்கள். பிறப்பு முதல் 18 வயதுவரை அரசின் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் இதற்குப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். மலைக்கிராமங்களில் இருப்பவர்கள் அதற்காகக் கீழே இறங்கி அலையத் தேவையில்லை. அங்கன்வாடிக்கு வரும் அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழுவிடம் முதலில் காட்டினால், வளர்ச்சிக் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கவனிக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அவர்களே சீட்டு எழுதி அனுப்புவார்கள்.