நாலு வருஷமாகத் தெரியும் என்றால், எப்படித் தெரியும்?

டிசம்பர் வந்தாலே எங்கள் சிவில் துறையில் எல்.ஓ.ஆர். சீசன், அதாவது வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கும் காலம். இந்த வாரம் மட்டும் ஏழு பேர். ஏழாவது பையன் பென் டிரைவோடு வந்தான். கடிதம் தயாராம், கையெழுத்து மட்டும் போட வேண்டுமாம். திறந்தால் முதல் வரியிலேயே "இந்த மாணவரை நான்கு ஆண்டுகளாக நெருக்கமாக அறிவேன்" என்று இருக்கிறது. தம்பி, உனக்கு நான் எடுத்தது ஒரே ஒரு பருவம், 45 பீரியட். அதிலும் பாதி நாள் காலை முதல் பீரியடுக்கு நீ வந்து சேரவில்லை.

அந்த முதல் வரியைப் பலரும் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் படிவங்களில் பெரும்பாலும் முதலில் கேட்பதே அதுதான்: எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும்? அடுத்து, இவர் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா என்று ஒரு அட்டவணை. 60 பேர் வகுப்பில் 5 சதவீதம் என்றால் மூன்றே பேர். நான் எத்தனை பேரைப் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறேன் என்று தெரியாவிட்டால் அந்த டிக்குக்கு என்ன மதிப்பு?

சரி, துறைத் தலைவரான என்னிடம் ஏன் வந்தாய் என்றேன். "நீங்க எச்.ஓ.டி. சார், வெயிட்டா இருக்கும்." எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். பதவி பெரிதானால் கடிதமும் பெரிதாகும் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்கு மேலே முதல்வரிடமும் போகிறார்கள். அவருக்கு இந்தப் பையனைப் பஸ் பாஸ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட வகையில் தெரியும், அவ்வளவுதான். எங்கேயோ உட்கார்ந்து இருநூறு விண்ணப்பம் படிக்கிறவருக்கு நம் முதல்வர் யாரோ, நான் யாரோ. பையன் வேலை செய்தபோது பக்கத்தில் நின்றவர் யார் என்பதே அவருக்கு வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன் இப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதம் கழித்து அங்கிருந்து ஒரு பேராசிரியர் வீடியோ காலில் வந்து, "புராஜெக்டில் எந்தப் பகுதி இவர் தானே செய்தது?" என்று கேட்டார். பதில் வரவில்லை. இணைப்பு சரியில்லை என்று சமாளித்தேன்.

படிவத்தில் இன்னொரு கூத்து. 1974-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, அங்கே சேர்ந்த பிறகு தன்னைப் பற்றிய கடிதத்தைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமை வேண்டாம் என்று எல்லோரும் டிக் செய்கிறார்கள். கடிதமோ அவர்கள் பென் டிரைவிலேயே இருக்கிறது!

மாணவர்களே, என்னிடம் வரும்போது எந்தப் பருவம், எந்தப் பாடம், புராஜெக்ட் ரிப்போர்ட், ஒரு புகைப்படம் கொண்டுவாருங்கள். முகம் ஞாபகம் இருக்கும், பெயர் இருக்காது. என் பெயரில் நீங்களே ஒரு மெயில் ஐ.டி. திறக்காதீர்கள். மாமா கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்துவிட்டு மாமாவிடமே கடிதம் வாங்காதீர்கள். நம் இனிஷியலில் உறவு தெரியாது என்ற தைரியம் வேண்டாம். உறவினர் எழுதக்கூடாது என்று பல படிவங்கள் நேராகவே சொல்கின்றன.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பருவம்தான் தெரியும் என்றால் ஒரு பருவம் என்றே எழுதுங்கள். அதுகூடத் தெரியாதென்றால் மறுத்துவிடுங்கள், பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஏழாவது பையன். புராஜெக்ட் ரெக்கார்டை எடுத்துவரச் சொன்னேன். வார்த்த 28-ஆம் நாள் வலிமை பார்க்கக் கான்கிரீட் கியூப் உடைக்க வேண்டியது ஆயுத பூஜை விடுமுறையில் வந்திருக்கிறது. சந்தனம் காயாத மெஷினில் மூன்று கியூப் உடைத்திருக்கிறான். ஒன்று மட்டும் மிகக் குறைவு. அந்த எண்ணை அடிக்காமல் விட்டு, ஓரத்தில் "வார்த்த முகம் மேலே வரும்படி வைத்துவிட்டேன், தவறு என்னுடையது" என்று பென்சிலில் எழுதியிருக்கிறான். கீழே அன்றைய தேதியோடு அவனுடைய கைடின் கையெழுத்து. விடுமுறையில் வீட்டிலிருந்து வந்து லேபைத் திறந்துவிட்டவர் அவர்தான்.

அவரைக் கூப்பிட்டு, கடிதம் நீங்கள் எழுதுங்கள் என்றேன்.

"நான் வெறும் அசிஸ்டென்ட் புரொபசர்தானே சார்" என்று தயங்கினார்.

ரெக்கார்டை அவர் கையில் கொடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன்.