பீப் சத்தம் சேம்பரிலிருந்து வருவதில்லை

வடசென்னையின் மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கமுள்ள உதிரிபாகத் தொழிற்கூடங்களில் வெப்ப, ஈரப்பதச் சோதனைச் சேம்பர்களை, அதாவது பொருளை உள்ளே வைத்து சூடு, குளிர், ஈரம் ஆகியவற்றைத் தாங்குகிறதா என்று பார்க்கும் பெட்டிகளை, பழுதுபார்ப்பதும் காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்வதும் என் தொழில். சில ஆண்டுகளாக இந்தச் சேம்பர்களை இயக்கும் கன்ட்ரோலரில், ஓட வேண்டிய சோதனையைத் தேர்ந்தெடுக்க ஒரு பார்கோடு ஸ்கேனரைச் செருகிவிட்டு, இனி ஆபரேட்டர் தவறு செய்ய வழியே இல்லை என்று நிர்வாகம் நிம்மதியடைந்துவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அந்த நிம்மதியின் விலையை அடுத்தடுத்துப் பார்த்துச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக என்னை அழைத்த இடத்தில் நடந்தது இது. மைனஸ் 40 டிகிரிக்கும் 85 டிகிரிக்கும் இடையே சுழற்சிச் சோதனைக்குப் போக வேண்டிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூடிகளைச் சனிக்கிழமை மாலை சேம்பருக்குள் அடுக்கி, ஜாப் கார்டில் (வேலை விவர அட்டையில்) இருந்த பார்கோடை ஸ்கேன் செய்து, ஸ்டார்ட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது மூடிகள் அப்பளம் போல நெளிந்து தட்டோடு ஒட்டிக்கிடந்தன. சேம்பர் 125 டிகிரி வரை போயிருந்தது; அந்த வெப்பத்தை ஏபிஎஸ் தாங்காது. நான் போய்ச் சேர்வதற்குள் காரணத்தையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்: ஸ்கேனர் தவறாகப் படித்துவிட்டதாம், புதிய ஸ்கேனருக்கு ஆர்டர் போடப் போகிறார்களாம்.

ஸ்கேனர் மிகச் சரியாகப் படித்திருந்தது. லேபிளில் 7 என்று இருந்தது, கன்ட்ரோலருக்கும் 7 என்றே போயிருந்தது. ஆனால் சில வாரங்களுக்கு முன் யாரோ கன்ட்ரோலரின் நினைவகத்தைச் சுத்தம் செய்து, பழைய புரொஃபைல்களை, அதாவது எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம் என்று சேமித்து வைத்த அமைப்புகளை, அழித்து, வேறொரு வாடிக்கையாளருக்கான 125 டிகிரிப் புரொஃபைலை ஏழாம் இடத்தில் சேமித்திருக்கிறார்கள். ஜாப் கார்டின் லேபிள் மட்டும் பழையபடியே அச்சாகிக்கொண்டிருந்தது. இதில் புதிய ஸ்கேனர் வாங்கி என்ன மாறப்போகிறது? இன்னும் வேகமாக அதே 7 என்ற எண்ணை அனுப்பும், அவ்வளவுதான்.

"சார், பீப் வந்துச்சே, பச்சை லைட்டும் எரிஞ்சுச்சே" என்று அந்த ஆபரேட்டர் தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்காத தொழிற்கூடமே இல்லை என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். பீப் சத்தம் ஸ்கேனரிலிருந்து வருகிறது, சேம்பரிலிருந்து வருவதில்லை. கருப்பு வெள்ளைக் கோடுகளை எழுத்தாகவும் எண்ணாகவும் மாற்ற முடிந்தது என்பது மட்டுமே அதற்குப் பொருள். கன்ட்ரோலர் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டது என்று பொருளல்ல. அந்தப் பெயரில் ஒரு புரொஃபைல் இருக்கிறது என்று பொருளல்ல. அந்தப் புரொஃபைலுக்குள் இருக்கும் டிகிரியும் நேரமும் சரி என்று பொருளல்ல. சேம்பருக்குள் அடுக்கியிருப்பது அந்தக் கார்டுக்குரிய பொருள்தான் என்று நிச்சயமாகப் பொருளல்ல. கன்ட்ரோலரின் திரை வேறு பக்கத்தில் நின்றாலும் பீப் வரும். பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினாலும் அதே பீப்தான் வரும். ஐயமிருந்தால் தேநீர் இடைவேளையில் செய்து பாருங்கள்.

இந்தக் குழப்பத்தின் வேர், யுஎஸ்பி ஸ்கேனர் பெரும்பாலும் ஒரு கீபோர்டாகவே நடந்துகொள்கிறது என்பதில் இருக்கிறது. கோடில் உள்ளதைத் தட்டச்சு செய்து கடைசியில் எண்டரை அழுத்துவதோடு அதன் வேலை முடிந்துவிடும். எங்கே தட்டச்சு செய்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. கன்ட்ரோலரோ அதை இயக்கும் கணினியோ அந்த நேரத்தில் புரொஃபைல் தேர்வுப் பெட்டியில் நிற்காமல் செட் பாயின்ட் (எட்ட வேண்டிய வெப்ப அளவு) பெட்டியில் நின்றால், உங்கள் லாட் (சரக்குத் தொகுதி) எண்ணின் இலக்கங்கள் அங்கே போய் உட்கார்ந்துவிடும். கணினி வழியாகச் சேம்பரை ஓட்டும் இடங்களில் நம் ஊருக்கே உரிய ஒரு வேடிக்கையும் உண்டு: யாராவது கடிதம் அடிப்பதற்காகக் கீபோர்டைத் தமிழுக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிட்டால், ஸ்கேன் செய்த ஆங்கில எழுத்துகள் திரையில் தமிழ் எழுத்துகளாக வந்து விழும். கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருந்தால் பெரிய எழுத்து சிறியதாகவும் சிறியது பெரியதாகவும் மாறும். இவற்றில் மென்பொருள் புரொஃபைல் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும், அதனால் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து, பொருத்தமில்லாத எண் வந்தும் அது செல்லுபடியாகிவிடுவதில்தான்.

அந்த எண்டரைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. ஸ்கேன் செய்ததும் புரொஃபைல் ஏறுவதோடு சேம்பர் தானாகவே ஓடத் தொடங்கும்படி சில இடங்களில் அமைத்திருக்கிறார்கள்; கேட்டால் ஒரு பொத்தான் மிச்சம் என்கிறார்கள். வேறு சில இடங்களில் ஸ்கேனரின் அமைப்பில் எண்டர் இரண்டு முறை போகிறது. முதல் எண்டர் புரொஃபைலைத் தேர்ந்தெடுக்க, இரண்டாவது எண்டர் தொடங்கலாமா என்ற கேள்விக்கு ஆம் சொல்லிவிடுகிறது. இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். ஸ்கேனர் தேர்ந்தெடுக்கட்டும், தொடங்கும் பொத்தானை மனித விரல் அழுத்தட்டும். அழுத்துவதற்கு முன் அந்த விரலுக்குரியவர் திரையைப் பார்த்து உச்ச வெப்பம், தாழ்ந்த வெப்பம், சுழற்சிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் வாய்விட்டுப் படித்து, ஜாப் கார்டில் கையால் எழுதட்டும். அச்சடித்த கட்டத்தில் டிக் போடுவது போதாது. பார்க்காமலே டிக் போடலாம், பார்க்காமல் எண்ணை எழுத முடியாது.

லேபிளில் வெறும் வரிசை எண்ணை வைப்பதையும் கைவிடுங்கள். பெரும்பாலான புதிய கன்ட்ரோலர்கள் புரொஃபைலுக்குப் பெயர் வைக்க இடம் தருகின்றன. வெப்ப எல்லையும் திருத்த எண்ணும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கட்டும். புரொஃபைலைத் திருத்தினால் திருத்த எண்ணும் மாற வேண்டும், பழைய லேபிள் அதன்பின் எதையும் திறக்கக் கூடாது. திறக்காமல் பிழைச் செய்தி காட்டும் லேபிள் உங்களுக்கு நன்மையே செய்கிறது.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். ஏறக்குறைய எல்லாச் சேம்பரிலும் கன்ட்ரோலரோடு சம்பந்தமில்லாமல் தனியாக ஓர் அதிவெப்பப் பாதுகாப்புக் கருவி இருக்கிறது. சிலவற்றில் சிறிய திருகு, சிலவற்றில் சிறிய டிஜிட்டல் திரை. புரொஃபைல் எவ்வளவு உளறினாலும் இந்த எல்லையைத் தாண்டினால் அது ஹீட்டரைத் துண்டித்துவிடும். இந்த எல்லையைப் பார்கோடு மாற்றுவதில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் புரொஃபைலின் உச்ச வெப்பத்துக்குச் சற்று மேலே, பொருள் தாங்கும் அளவுக்குக் கீழே கையால் வைக்க வேண்டியது அது. நான் மேலே சொன்ன இடத்தில் அது சேம்பரை நிறுவிய நாளில் வைத்த அளவிலேயே, அதாவது சேம்பரின் சொந்த உச்சத்திலேயே நின்றது. அதை 95 டிகிரியில் வைத்திருந்தால் சேம்பர் சனிக்கிழமை இரவே அலாரம் அடித்து நின்றிருக்கும், மூடிகளும் பிழைத்திருக்கும். ஸ்கேனருக்குச் செலவழிக்க மனமுள்ளவர்கள் இந்தத் திருகைத் தொட மறுப்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

லேபிள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேம்பர் கதவில் ஒரு ஏ4 தாளை லேமினேட் செய்து ஒட்டி, அதில் எல்லாப் புரொஃபைல்களின் பார்கோடுகளையும் நெருக்கி அடுக்கியிருப்பார்கள். ஆபரேட்டர் ஒன்றைக் குறி வைக்க, ஒளிக்கோடு பக்கத்திலிருப்பதைப் பிடித்துக்கொள்ளும். பீப் மட்டும் தவறாமல் வரும். ஒரு பார்கோடுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ளங்கை அகலமாவது விடுங்கள், அல்லது ஒரு தாளில் ஒரு பார்கோடு மட்டும் வையுங்கள். அந்தத் தாளின் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். பார்கோடு வகையிலும் கவனம் வேண்டும்: கோட் 128 வகையில், படித்தது சரியா என்று சோதிக்க உதவும் சரிபார்ப்பு எழுத்து கட்டாயம் உண்டு, கோட் 39 வகையில் அது விருப்பத்துக்கு உட்பட்டது, இன்டர்லீவ்டு 2 ஆஃப் 5 வகையிலோ ஒளிக்கோடு சாய்வாக விழுந்தால் நீண்ட எண்ணின் ஒரு பகுதியே முழு எண்ணாகப் படிக்கப்பட்டுவிடும். புதிதாக அச்சிடுபவர்கள் முதல் வகையையே எடுத்துக்கொள்ளலாம்.

பொருளின் மேல் ஒட்டும் லேபிள் சேம்பருக்குள்ளும் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். கூரியர் கவரில் ஒட்டும் நேரடி வெப்ப அச்சுத் தாள் சூட்டில் கறுக்கும் இயல்புடையது. 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்தில் அதை நாள்கணக்கில் வைத்தால் வெளியே வருவது முழுக்கக் கருமையான ஒரு துண்டுதான். அப்போது எந்தத் துண்டு எந்தச் சோதனை மாதிரிக்குரியது என்று நினைவை நம்பி மார்க்கரில் எழுதுவார்கள், அதே மாதிரிகளுக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டும் எழுதுவார்கள். ரெசின் ரிப்பனில் (பிசின் மைப் பட்டையில்) அச்சிட்ட பாலியெஸ்டர் லேபிள் இதைவிடப் பல மடங்கு தாங்கும். வெப்பம் இன்னும் அதிகமென்றால் பாலிஇமைடு என்ற, சூட்டை இன்னும் தாங்கும் பிளாஸ்டிக்கில் செய்த லேபிளை வாங்குங்கள். மைனஸ் 40 டிகிரியிலிருந்து எடுத்த பொருளின் மேல் நம் கடலோரக் காற்று பட்டவுடன் உறைபனி படிந்துவிடும். துடைத்துத் துடைத்து ஸ்கேன் செய்யாமல், பொருள் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். ஸ்கேனரைச் சேம்பருக்குள் நீட்டிப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதன் கையேட்டில் எழுதியுள்ள வெப்ப எல்லையை ஒரு முறை பார்த்துவிடுங்கள். உப்புநீரைத் தூவி அரிப்பைச் சோதிக்கும் உப்புத் தூவல் சேம்பர் இருக்கும் அறையில் ஸ்கேனரின் தாங்கியை மாட்டவே வேண்டாம். 5 சதவீத உப்புக் கரைசலின் புகை கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளியே வருகிறது. காத்திவாக்கத்துக் கடற்காற்றே போதாதென்று யுஎஸ்பி முனைகளுக்கு இதுவும் சேர்ந்தால் பச்சை பிடித்துவிடும்.

வயர்லெஸ் ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சில வகைகள் தொடர்பு எல்லைக்கு வெளியே போனால் ஸ்கேன் செய்ததையெல்லாம் நினைவில் வைத்திருந்து, திரும்பி வந்ததும் மொத்தமாகக் கொட்டிவிடும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். அடுத்தடுத்து இரண்டு சேம்பர்கள் இருந்தால் எந்த ஸ்கேனர் எதனுடன் இணைந்திருக்கிறது என்று பெயின்டில் எழுதுங்கள், அல்லது பேசாமல் ஒயர் உள்ளதையே வாங்குங்கள். அந்த ஒயரையும் கம்ப்ரசர், ஹீட்டர் ஒயர்களோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். ஸ்கேனரின் கையேட்டிலுள்ள பார்கோடுகள் ஸ்கேனரின் அமைப்பையே மாற்றக்கூடியவை என்பதால் அந்தப் புத்தகம் மேசை இழுப்பறைக்குள் பூட்டி இருக்கட்டும். மின்சாரம் போய் வந்தபின் கார்டை மறுபடி ஸ்கேன் செய்து ஸ்டார்ட் கொடுத்தால் புரொஃபைல் முதல் படியிலிருந்து ஓடும், அதுவரை முடிந்த சுழற்சிகள் கணக்கில் வராது. முதலில் கன்ட்ரோலர் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்.

மேற்பார்வையாளர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. திரையில் உள்ள எண்ணும் கார்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று ஓர் ஆபரேட்டர் சேம்பரை ஓட்டாமல் உங்களைத் தேடி வந்தால், "ஸ்கேன் ஆயிடுச்சுல்ல, ஓட்டுப்பா" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இரவு ஷிப்டில் இருக்கும் இருபது வயதுப் பையனுக்கு உங்களை எதிர்த்துப் பேச எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதையும் யோசியுங்கள். ஓட்டாமல் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று எழுதி, கையெழுத்திட்டு, சேம்பர் அருகே ஒட்டுங்கள். இந்த வாரமே ஒரு மதியம் ஒதுக்கி, புழக்கத்தில் உள்ள ஒவ்வொரு லேபிளையும் காலிச் சேம்பரில் ஸ்கேன் செய்து, திரையில் ஏறும் எண்களை வாடிக்கையாளர் தந்த சோதனைத் திட்டத்தோடு வைத்துப் பாருங்கள். பொருந்தாதவற்றை அங்கேயே கிழித்துப் போடுங்கள்.