ஈஆர்ஜி பரிசோதனைக்கு முன் மூச்சை விரட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். விழித்திரையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈஆர்ஜி பரிசோதனைக்கு வந்தவர், இருட்டறையில் உட்கார வைத்த 20 நிமிடமும் புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டிருக்கிறார். கேட்டால், "கண்ணுக்கு ஆக்சிஜன் நிறையப் போகும்னு வீடியோல பார்த்தேன்" என்கிறார். கிடைத்தது தலைசுற்றலும் விரல் மரத்துப்போனதும்தான். நாங்கள் அளப்பது அதிகம் போனால் சில நூறு மைக்ரோவோல்ட். முகத் தசை இறுகினாலே அலை குழம்பிவிடும். மறுபடி இருட்டு, மறுபடி பதிவு.

வேகமாக மூச்சு விட்டால் கண்ணுக்குப் போகும் ஆக்சிஜன் அதிகமாகாது. நுரையீரல் நன்றாக இருப்பவருக்குச் சாதாரண மூச்சிலேயே ஹீமோகுளோபினில் 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் ஏறிவிடுகிறது. நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்றுவீர்கள்? மூச்சை விரட்டும்போது வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. அதை வெறும் கழிவு என்றே பலரும் நினைக்கிறார்கள். விழித்திரையின் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்க அதுவும் வேண்டும். அது குறைந்தால் குழாய்கள் சுருங்கும், ரத்த ஓட்டம் குறையும். அதுவும் எப்போது? இருட்டில், மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் விழித்திரையின் கோல் செல்கள் வெளிச்சத்தில் இருப்பதைவிட அதிக ஆக்சிஜனைச் செலவழிக்கும் நேரத்தில்!

ஆக்சிஜன் தட்டுப்பாட்டை முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் ஒன்று, ஈஆர்ஜி பதிவில் பெரிய அலையின் ஏற்றத்தில் வரும் சிற்றலைகள். சர்க்கரை நோயாளிகளிடம் நாங்கள் உற்றுப் பார்ப்பதும் அவற்றைத்தான்.

இன்னொன்று மனதை வருத்துகிறது. பரம்பரை விழித்திரை நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர், மூச்சுப்பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று நம்பி மறுபரிசோதனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அங்கே பழுது செல்லின் மரபணுவில். மூச்சு அதை மாற்றாது. தயவுசெய்து பிள்ளையை அழைத்து வாருங்கள்.

சர்க்கரை நோயால் விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தால், மூச்சை அடக்கி முக்கும் பயிற்சி எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. அப்படி முக்கும்போது நல்ல கண்ணிலேயே ரத்தம் கசியலாம். 1972-இலேயே டுவேன் என்ற கண் மருத்துவர் இதை விவரித்துவிட்டார்.

சரி, பரிசோதனை நாளில் என்ன செய்வது? வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எப்படி மூச்சு விடுவீர்களோ, அப்படியே விடுங்கள். ஃபிளாஷ் அடிக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், பல்லைக் கடிக்காதீர்கள். பயமாக இருந்தால் சொல்லுங்கள், நிறுத்தித் தொடங்கலாம். ஆஸ்துமாவோ தூக்கத்தில் மூச்சுத் தடையோ இருந்தால் மறைக்க வேண்டாம். ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் பரிசோதனைக்காக அதைக் கழற்றவே கூடாது. அதோடே வாருங்கள், நாங்கள் குறித்துக்கொள்கிறோம்.