பீப் சத்தத்துக்கும் பதிவுக்கும் நடுவில்

நூலகர்களுக்கும், பள்ளியில் நூலகப் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கும் ஆசிரியர்களுக்கும் நடக்கும் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளின் பயிற்சிகளில் எல்லோர் முகமும் மலரும் கட்டம் ஒன்று உண்டு. புத்தகத்தின் பின்னட்டையை ஸ்கேனரில் காட்டுவார்கள். பீப். அடுத்து ஒரு பொத்தான். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கங்கள், டூயி எண் (நூலைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் எண்) என்று எல்லாம் தானாக வந்து நிரம்பும். சரி, ஊர் திரும்பி நாமே செய்யும்போது "பதிவு இல்லை" என்று வந்தால்? எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கற்றுத்தந்தவர்கள், எங்கே பிசகும் என்பதைப் பெரும்பாலும் சொல்லித்தருவதில்லை. உள்ளே நடப்பது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வேலைகள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பிசகிய இடம் தெரிந்துவிடும்.

முதல் வேலை ஸ்கேனருடையது. அதற்குப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்து பாருங்கள். 13 இலக்கங்கள் வந்து விழும், கர்சர் அடுத்த வரிக்குப் போகும். கணினியைப் பொறுத்தவரை ஸ்கேனர் என்பது வேகமாகத் தட்டும் ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். நோட்பேடில் எண் வராவிட்டால் கோஹாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

பார்கோடுக்குள் ஒரு குறும்பு இருக்கிறது. கீழே 13 இலக்கங்கள் அச்சாகியிருக்கும்; கோடுகளாக இருப்பவை 12 மட்டுமே. ஒவ்வோர் இலக்கத்துக்கும் 7 கட்ட அகலம், ஓரத்திலும் நடுவிலும் காவல் கோடுகள், மொத்தம் 95 கட்டங்கள். முதலில் நிற்கும் 9-க்கு என்று தனிக்கோடு கிடையாது. இடப்பக்கத்து ஆறு இலக்கங்களையும் இரண்டு விதமாக வரையலாம்: கறுப்புக் கட்டங்கள் ஒற்றைப்படையில் வரும்படி, அல்லது இரட்டைப்படையில் வரும்படி. 'ஒற்றை, இரட்டை, இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை' என்று அமைந்தால் முன்னால் நிற்பது 9 என்று பொருள். வலப்பக்கம் எல்லாமே இரட்டை, இடப்பக்கம் தொடங்குவது எப்போதும் ஒற்றை. அதனால் புத்தகத்தைத் தலைகீழாகக் காட்டினாலும் எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறோம் என்பது ஸ்கேனருக்குப் புரிந்துவிடும்.

இரண்டாவது, எண். இதுதான் ஐஎஸ்பிஎன், புத்தகத்துக்கென்று தரப்படும் அடையாள எண். கடைச் சரக்குகளின் பார்கோடில் முதல் மூன்று இலக்கங்கள் நாடு வாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை, இந்தியாவுக்கு 890. புத்தகங்களுக்கு எந்த நாட்டையும் சேராத 978-ஐ ஒதுக்கிவிட்டார்கள். அதைத் தொடரும் 81 அல்லது 93 இந்தியாவைக் குறிக்கும். பிறகு பதிப்பகம், புத்தகம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம்.

அந்தக் கடைசி இலக்கத்தைக் காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். சும்மா 978812345678 என்று எடுத்துக்கொள்வோம். இலக்கங்களை மாறி மாறி 1, 3 ஆல் பெருக்கிக் கூட்டினால் 138 வரும். அடுத்த பத்தின் மடங்கு 140. ஆக, சரிபார்ப்பு இலக்கம் 2. கையால் அடிக்கும்போது ஏதாவது ஓர் இலக்கம் தவறினால் கூட்டுத்தொகை பத்தின் மடங்காக வராது. ஆனால் அடுத்தடுத்து நிற்கும் 2-ஐயும் 7-ஐயும் இடம் மாற்றி அடித்தால் பிடிபடாது! அடுத்தடுத்த இலக்கங்களின் வித்தியாசம் 5 என்றால் கூட்டுத்தொகை சரியாக 10 மாறும், கணக்கு ஒன்றும் நடக்காதது போல் நிற்கும்.

பழைய 10 இலக்க ஐஎஸ்பிஎன்னில் இந்த ஓட்டை கிடையாது. அது 11-ஆல் வகுக்கும் முறை. இடம் மாறினால் கட்டாயம் பிடித்துவிடும். மீதி 10 வரும் இடத்தில் 'எக்ஸ்' என்று அச்சிடுவார்கள். 2007 ஜனவரி 1 முதல் உலக வணிக பார்கோடோடு ஒத்துப்போவதற்காக 13 இலக்கத்துக்கு மாறியபோது, கறாரான காவலாளியை அனுப்பிவிட்டுக் கொஞ்சம் தூங்கும் காவலாளியை வைத்துக்கொண்டோம். எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. இலக்கத்தை இடம் மாற்றுவது மனிதக் கையின் பழக்கம், ஸ்கேனருடையது அல்ல.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. 2007-க்கு முந்தைய பல பதிவுகளில் 10 இலக்க எண் மட்டுமே இருக்கும். 13 இலக்க எண்ணைக் கொடுத்தால், பதிவுகளை வைத்திருக்கும் சில நூலக சர்வர்கள் கைவிரித்துவிடும். புத்தகத்தின் உள்பக்கத்தில் 10 இலக்க எண் இருந்தால் அதை அடித்துத் தேடிப்பாருங்கள்.

மூன்றாவது வேலைதான் பதிவைக் கொண்டுவருவது. கோஹா அந்த எண்ணை அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் போன்ற ஒரு நூலகத்தின் சர்வருக்கு 'இசட்39.50' என்ற நெறிமுறையில் அனுப்புகிறது; நூலகக் கணினிகள் ஒன்றிடமிருந்து ஒன்று பதிவைத் தேடிப் பெறும் முறை அது. கூகுள் தேடல் போல அல்ல இது. எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதும் ஓர் எண்ணாகவே போகும்: தலைப்பு என்றால் 4, ஐஎஸ்பிஎன் என்றால் 7. திரும்பி வருவது, நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் அடுக்கும் மார்க் 21 வடிவப் பதிவு. 1960களில் ஹென்ரியட் ஆவ்ரம் அதே லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் உருவாக்கிய மார்க் வடிவத்தின் வாரிசு. 020-இல் ஐஎஸ்பிஎன், 100-இல் ஆசிரியர், 245-இல் தலைப்பு, 082-இல் டூயி எண். யாரோ ஒரு பட்டியலாளர் என்றோ புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து அடித்து வைத்ததுதான் அது. அவர் அடிக்கவில்லை என்றால் உங்களுக்கும் வராது. அந்தச் சர்வர் கிடைக்காவிட்டால் வேறொரு நூலகத்தின் சர்வரைச் சேர்த்துக்கொள்ள கோஹாவில் வசதி உண்டு.

தமிழ்ப் புத்தகங்களுக்கு இங்கேதான் வேலை அதிகம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் டில்லி அலுவலகம் வழியாகப் பல பத்தாண்டுகளாகத் தமிழ் நூல்களை வாங்கிவருவதால் பதிவு கிடைக்கவே செய்யும், ஆனால் ரோமன் எழுத்தில். ழகரத்துக்கு எல் எழுத்தின் அடியில் கோடு, ளகரத்துக்கு அடியில் புள்ளி, றகரத்துக்கு ஆர் எழுத்தின் அடியில் கோடு. எட்டாம் வகுப்புப் பிள்ளை இதை எப்படித் தேடும்? நெறிப்படி மூல எழுத்து வடிவம் 880 என்ற புலத்தில் போக வேண்டும். நம் வாசகருக்காக 245-லேயே தமிழில் அடித்து, ரோமன் வடிவத்தை 246-க்கு நகர்த்துவதே எனக்குச் சரி என்று படுகிறது. இரண்டு வழியிலும் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

ஐஎஸ்பிஎன்னே இல்லாத பழைய புத்தகங்களுக்குத் தலைப்பை வைத்துத் தேட வேண்டும், அதுவும் அதே ரோமன் எழுத்துக்கூட்டலில். கிடைக்கவில்லையா, நீங்களே அடியுங்கள். கோஹாவில் இசட்39.50 சர்வராக இயங்கும் வசதியும் இருக்கிறது. அதைத் திறந்து வைத்தால் பக்கத்து ஊர்ப் பள்ளி உங்கள் பதிவை எடுத்துக்கொள்ளும்.