சுவர் இப்போது உடைகிறதா, முன்பே உடைந்திருந்ததா?

“பேட்டில்ஃபீல்டு 6 விளையாட்டில், டாங்கியிலிருந்து வரும் குண்டு சுவரின் எந்த இடத்தில் படுகிறதோ அந்த இடத்தில்தான் ஓட்டை விழுகிறது, மேலும் சில குண்டுகள் பட்டால் கட்டடத்தின் முகப்பே சரிந்து தெருவில் விழுகிறது. ஒரு கட்டடப் பொறியாளர் நாள்கணக்கில் உட்கார்ந்து போடும் கணக்கை என் கணினி அந்தக் கணமே போட்டுவிடுகிறதா?” என்று பொறியியல் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை என்பதே விடை. அந்தக் கணக்கைப் போடாமலேயே, போட்டதைப் போன்ற விளைவை எப்படி வரவழைக்கிறார்கள் என்பதில்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் அழகெல்லாம் இருக்கிறது.

உண்மையான பொருள் ஏன் உடைகிறது என்பதை 1921இல் ஆலன் கிரிஃபித் என்ற பொறியாளர் கண்ணாடியை வைத்து விளக்கிவிட்டார். கண்ணாடி போன்ற நொறுங்கும் பொருள்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் எப்போதும் இருக்கின்றன. விசை வரும்போது தகைவு, அதாவது பொருளுக்குள் ஒவ்வோர் இடத்திலும் பரப்பளவுக்கு ஏற்ப எழும் விசை, அவற்றின் முனைகளில் குவிகிறது. விரிசல் நீள்வதால் விடுபடும் ஆற்றல், புதிய பரப்புகளை உண்டாக்கத் தேவையான ஆற்றலை மிஞ்சும்போது விரிசல் ஓடத் தொடங்குகிறது. இதைக் கணினியில் அப்படியே செய்து பார்க்கவும் முடியும். 1999இல் கணினி வரைகலை ஆய்வாளர்களான ஜேம்ஸ் ஓ'பிரையனும் ஜெசிகா ஹாட்ஜின்ஸும் பொருளை ஆயிரக்கணக்கான சிறு நான்முகிகளாக (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவங்களாக) பிரித்து, ஒவ்வொன்றிலும் தகைவைக் கணக்கிட்டு, கண்ணாடித் தகடும் சுவரும் உடைவதைத் தத்ரூபமாகக் காட்டினார்கள். ஆனால் அன்றைய கணினிகளில் ஒரு வினாடி நேரக் காட்சியை உருவாக்கவே மிக நீண்ட நேரம் பிடித்தது. விளையாட்டிலோ வினாடிக்கு 60 படங்கள் திரையில் வர வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி, அதிலும் பெரும்பகுதியை ஒளியும் நிழலும் எடுத்துக்கொள்கின்றன.

ஆகவே, சுவரை விளையாட்டின்போது உடைப்பதில்லை. விளையாட்டை உருவாக்கும்போதே, அலுவலகத்தில் அமர்ந்து நிதானமாக உடைத்து, துண்டுகளை மீண்டும் பொருத்தி, ஒன்றும் நடவாததுபோல் நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். குண்டு படும் கணத்தில் முழுச் சுவரின் உருவம் மறைந்து, அதே இடத்தில் துண்டுகளாலான சுவர் வருகிறது. அடிபட்ட இடத்துக்கு அருகிலுள்ள துண்டுகள் மட்டும் விடுவிக்கப்படுகின்றன. எல்லா விளையாட்டுகளும் இதே வழியில் செல்வதில்லை. 2015இல் வெளிவந்த ரெயின்போ சிக்ஸ் சீஜ், மெல்லிய தடுப்புச் சுவர்களில் துளைகளை அந்தந்த நேரத்திலேயே வெட்டுகிறது. எனினும் முன்கூட்டியே உடைத்து வைப்பதுதான் இத்துறையில் இன்று பரவலாக இருக்கும் முறை.

எப்படி உடைப்பது? இங்கேதான் ஜியார்ஜி வொரொனோய் என்ற கணித அறிஞர் வருகிறார். இன்றைய உக்ரைனில் பிறந்து, வார்சாவில் பேராசிரியராக இருந்து, 1908இல் நாற்பது வயதில் மறைந்தவர். அவர் ஆராய்ந்த பிரிவினை மிக எளியது. ஓர் ஊரில் பல ரேஷன் கடைகள் இருக்கின்றன என்றும், ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு மிக அருகிலுள்ள கடைக்கே போகிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால், ஊர் தானாகவே கடைக்கொரு பகுதியாகப் பிரிந்துவிடும். அடுத்தடுத்த இரு கடைகளின் பகுதிகளைப் பிரிக்கும் எல்லை, அக்கடைகளை இணைக்கும் கோட்டின் மையக்குத்துக்கோடாக இருக்கும். சுவருக்குள் கடைகளுக்குப் பதிலாகப் புள்ளிகளைத் தூவினால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு துண்டு கிடைக்கும். புள்ளிகளை நெருக்கமாகத் தூவினால் பொடிச் சில்லுகள், அகலத் தூவினால் பெரிய பாளங்கள். மரப்பலகை என்றால், இந்தத் துண்டுகளை ஒரு திசையில் நீட்டிவிட்டால் சிராய் போலத் தெரியும். இந்த முறைக்குத் தகைவைப் பற்றியோ கிரிஃபித்தின் விரிசலைப் பற்றியோ எதுவும் தெரியாது. ஆனாலும் நம் கண் அதை உடைந்த கான்கிரீட் என்று ஏற்றுக்கொள்கிறது.

தோற்றத்துக்காக மட்டும் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எண்ண வேண்டாம். வொரொனோய் துண்டு ஒவ்வொன்றும் குறுக்கே முழுமையாகச் செல்லும் தட்டையான வெட்டுகளால் மட்டுமே உருவாவதால், அது கட்டாயமாகக் குவிவு வடிவமாக இருக்கும். அதாவது, துண்டுக்குள் எந்த இரு புள்ளிகளை எடுத்துக் கோடு போட்டாலும் அக்கோடு துண்டை விட்டு வெளியே போகாது. குழிவோ உள்மடிப்போ இராது. இந்த ஒரு பண்புதான் ஆயிரம் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு குவியும் காட்சியையே சாத்தியமாக்குகிறது. ஏனெனில், துண்டுகள் விழத் தொடங்கியதும் கணினி ஓயாமல் கேட்க வேண்டிய கேள்வி, “இந்தத் துண்டும் அந்தத் துண்டும் இடிக்கின்றனவா?” என்பதாகும். 1,000 துண்டுகளில் 4,99,500 இணைகள் உண்டு. ஒவ்வொரு துண்டையும் சுற்றி ஒரு பெட்டி இருப்பதாகக் கொண்டு, பெட்டிகளே தொடாத அளவுக்குத் தொலைவில் இருப்பவற்றைக் கழித்துவிட்டாலும், எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்தப் பார்வைக்கு ஒரு வழி இருக்கிறது. கணினி வடிவியலில் நான் இதைவிட விரும்பும் வழிமுறை வேறில்லை. முதல் துண்டிலுள்ள ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரண்டாம் துண்டிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் (அதாவது, அவற்றின் இருப்பிடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவு எண்களை) கழியுங்கள். கிடைக்கும் விடைகளையெல்லாம் புள்ளிகளாகக் குறித்தால் ஒரு புதிய வடிவம் உருவாகும். கணித அறிஞர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கியின் பெயரால் வழங்கும் வடிவம் இது. இரு துண்டுகளும் எங்கேனும் ஒன்றையொன்று தொட்டால், இரண்டுக்கும் பொதுவான ஒரு புள்ளி இருக்க வேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து அதையே கழித்தால் பூச்சியம். ஆகவே புதிய வடிவம், எல்லா ஆயத்தொலைவுகளும் பூச்சியமாக உள்ள ஆதிப்புள்ளியைத் தனக்குள் கொண்டிருக்கும். தொடாவிட்டால் கொண்டிராது. இரண்டு பொருள்கள் இடிக்கின்றனவா என்ற சிக்கலான கேள்வி, ஒரே பொருளுக்குள் ஒரு புள்ளி இருக்கிறதா என்ற எளிய கேள்வியாக மாறிவிட்டது.

இன்னும் நல்லது அடுத்து வருகிறது. அந்தப் புதிய வடிவத்தை முழுமையாகக் கட்ட வேண்டியதே இல்லை. ஏதேனும் ஒரு திசையில் முதல் துண்டின் கடைக்கோடி மூலையையும், நேர் எதிர்த்திசையில் இரண்டாம் துண்டின் கடைக்கோடி மூலையையும் எடுத்துக் கழித்தால், புதிய வடிவத்தின் அந்தத் திசைக் கடைக்கோடி நேராகக் கிடைத்துவிடும். அங்கிருந்து ஆதிப்புள்ளியை நோக்கித் திரும்பி, அந்தத் திசையின் கடைக்கோடியைக் கேட்க வேண்டும். அந்தக் கடைக்கோடியே ஆதிப்புள்ளியைத் தாண்டவில்லை என்றால், வடிவத்தின் வேறெந்தப் புள்ளியும் தாண்டாது; துண்டுகள் தொடவில்லை என்று அங்கேயே முடித்துவிடலாம். தாண்டினால் இன்னொரு புள்ளி, பின் இன்னொன்று. நான்கு புள்ளிகளாலான ஒரு நான்முகிக்குள் ஆதிப்புள்ளி அகப்பட்டுவிட்டால் துண்டுகள் இடிக்கின்றன. பெரும்பாலும் சில சுற்றுகளில் விடை வந்துவிடும். அடுத்த படத்தில் துண்டுகள் சிறிதளவே நகர்ந்திருக்கும் என்பதால், முந்தைய விடையிலிருந்தே தேடலைத் தொடங்கலாம்; அப்போது வேலை இன்னும் குறையும். துண்டில் குழிவு இருந்தால் இது பொய்த்துவிடும். கடைக்கோடிகளை மட்டும் பார்க்கும் முறைக்குக் குழிவு கண்ணில் படாது. வொரொனோய் துண்டுகள் குவிவாக இருப்பதன் அருமை இங்கேதான் புரிகிறது.

1988இல் இந்த வழிமுறையை வெளியிட்டவர்கள் எல்மர் கில்பர்ட், டேனியல் ஜான்சன், எஸ். சத்திய கீர்த்தி ஆகிய மூவர். கீர்த்தி திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர்கள் முன்னிருந்த சிக்கல் ரோபோவின் கை சுற்றியுள்ள பொருள்கள்மேல் மோதாமல் நகர்வது எப்படி என்பதுதான். வீடியோ விளையாட்டு அவர்கள் கட்டுரையில் எங்கும் இல்லை. இன்று ‘புல்லட்’ உள்ளிட்ட பல இயற்பியல் மென்பொருள்கள் அவர்கள் வழிமுறையைத் தாங்கி நிற்கின்றன. ஆராய்ச்சிக்கு நிதி கேட்பவரிடம், இதனால் எந்தத் தொழிலுக்கு எத்தனை ஆண்டில் பயன் என்று எழுதித் தரச் சொல்லும் வழக்கம் தவறானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1988இல் இந்த மூவரிடம் அப்படிக் கேட்டிருந்தால், இன்றைய பயனை எந்தப் படிவத்திலும் அவர்களால் எழுதியிருக்க முடியாது.

துண்டுகள் கிடைத்துவிட்டன, அவை மோதிக்கொள்வதும் தெரியும். எந்தத் துண்டு விழ வேண்டும்? இதற்கான பொதுவான வழி, எந்தத் துண்டு எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்ற வலைப்பின்னலை வைத்துக்கொள்வது. தரையில் பதிந்த துண்டுகளிலிருந்து தொடங்கி, தொட்டுக்கொண்டிருக்கும் துண்டுகள் வழியே போய்ச் சேரக்கூடியவை எல்லாம் நிற்கும். போய்ச் சேர முடியாதவை விழும். எடை, வலிமை எதுவும் பார்க்கப்படாததால், ஒரே ஒரு செங்கல்லைப் பற்றிக்கொண்டு ஒரு மாடி முழுவதும் அந்தரத்தில் நிற்கும் விந்தையும் நேரலாம். 2009இல் வந்த ரெட் ஃபேக்ஷன் கெரில்லா இதைத் தாண்ட முயன்று, மேலுள்ள எடையைக் கீழுள்ள தூண் தாங்குமா என்றும் கணக்கிட்டது. அப்போது கலைஞர்கள் அழகுக்காக அமைத்திருந்த கட்டடங்கள் தம் எடையைத் தாங்காமல் தாமாகவே இடிந்தன. அவர்கள் கட்டடக்கலையைக் கற்றுத் தூண்களைச் சரியான இடங்களில் வைக்க வேண்டியதாயிற்று.

2010இல் வந்த பேட்டில்ஃபீல்டு பேட் கம்பெனி 2 எளிய வழியைத் தேர்ந்தது. போதிய அளவு சுவர்கள் போய்விட்டால் வீடு முழுவதும் இடிந்துவிடும். அதற்கு முன் முறியும் ஓசை கேட்கும். அந்த ஓசையின் அருமையைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் தகவல்தொடர்புக் கருவியைக் காக்கும் வீரர்கள், எதிரி கதவு வழியே வருவார் என்று காத்திருக்கையில், அவர் வீட்டையே கருவியின்மேல் இடித்துத் தள்ளிவிடலாம். வந்துவிட்ட ஓசையை நம்பி ஓடுவதா, இன்னும் ஒரு சுவர் இருக்கிறது என்று நிற்பதா என்ற முடிவை எடுக்க ஓரிரு நொடிகளே உண்டு. இயற்பியல் கணக்கு மிகக் குறைவு. ஆனால் போரில் மறைவிடம் நிலையானதன்று என்ற உணர்வை இந்த விளையாட்டுதான் எனக்கு முதலில் தந்தது.

பலர் ஒன்றாக ஆடும்போது ஒரு புதிய சிக்கல் எழுகிறது. சுவரில் விழுந்த ஓட்டை என் திரையில் ஓரிடத்திலும் எதிரியின் திரையில் வேறிடத்திலும் இருந்தால், அவர் என்னைச் சுடுவார், நான் அவரைக் காணவே மாட்டேன். ஆனால் 64 பேருக்கு ஆயிரம் துண்டுகளின் இருப்பிடத்தை வினாடிக்குப் பலமுறை அனுப்புவதும் ஆகாது. எனவே, பார்வையையும் குண்டையும் மறைக்கக்கூடிய துண்டு போயிற்றா இருக்கிறதா என்பது மட்டும் சேவையகத்தால் (எல்லா ஆட்டக்காரர்களையும் இணைக்கும் மையக் கணினியால்) தீர்மானிக்கப்பட்டு அனைவருக்கும் அனுப்பப்படுகிறது. தூசியும் சிறு கற்களும் அவரவர் கணினியில் வேறுவேறாக உருளலாம். ஸ்டாக்ஹோமின் எம்பார்க் நிறுவனம் 2023இல் வெளியிட்ட தி ஃபைனல்ஸ், கட்டடங்கள் சரிவதையே சேவையகத்தில் கணக்கிடுகிறது. அதனால் விழுந்த மாடியின்மேல் இருவர் நின்று சண்டையிட்டாலும் இருவருக்கும் அது ஒரே இடத்தில் இருக்கிறது.

இவற்றுக்கு நேர்மாறானது, 2013இல் வந்த பேட்டில்ஃபீல்டு 4 விளையாட்டின் ஷாங்காய் வானளாவி. அதன் தூண்களைத் தகர்த்தால் கட்டடம் முழுவதும் சரிகிறது. பார்த்தவர் யாரும் முதல்முறை வாய் பிளக்காமல் இருந்ததில்லை. ஆனால் அது முன்பே தயாரித்த அசைவுப்படம்; எத்தனை முறை தகர்த்தாலும் ஒரே விதமாகத்தான் விழும். எந்தக் குண்டு எந்தச் செங்கல்லைப் பெயர்க்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத சிறு ஓட்டு வீட்டையே நான் தேர்வேன். அங்கே இடிபாட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பது ஆடுபவரின் குறி.