பனிக்கரடியைச் சட்டம் எதிலிருந்து காக்கிறது?

பனிக்கரடிகள் பெருகிவிட்டன, காலநிலை மாற்றத்தால் அவற்றுக்கு ஆபத்து என்பதெல்லாம் வீண் பயம் என்று ஒரு பேச்சு உண்டு. இன்னும் சில வருடங்களில் அந்த இனமே இருக்காது என்று இன்னொரு பேச்சு. பனிக்கரடிக்கு வந்த ஆபத்துகள் இரண்டு என்பதை மறப்பதால்தான் இந்தக் குழப்பம். ஒன்று துப்பாக்கி, இன்னொன்று உருகும் கடல் பனி. இன்றுள்ள சட்டங்களில் பெரும்பாலானவை துப்பாக்கியைத் தடுக்க எழுதப்பட்டவை. அந்த வேலையை நன்றாகவே செய்திருக்கின்றன.

1960களில் நிலைமை மோசமாக இருந்தது. அலாஸ்காவில் விமானத்தில் பறந்து கரடியைத் தேடிச் சுட்டார்கள். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் இரையைத் தொட்டதும் தானாக வெடிக்கும் துப்பாக்கிப் பொறிகளை வைத்தார்கள். உலகில் மொத்தம் எத்தனை கரடிகள் உள்ளன என்பதே அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. '5,000 இருந்தது 26,000 ஆகிவிட்டது' என்று இன்று சொல்பவர்கள் கையில் எடுப்பது அந்தக் கால ஊகங்களில் மிகக் குறைந்ததை. அதே காலத்தில் 19,000 என்று ஊகித்தவர்களும் உண்டு.

பனிக்கரடி வாழும் கனடா, அமெரிக்கா, நார்வே, டென்மார்க் (கிரீன்லாந்துக்காக), சோவியத் ஒன்றியம் ஆகிய ஐந்து நாடுகளும் 1973 நவம்பரில் ஆஸ்லோவில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1976இல் அது நடைமுறைக்கு வந்தது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அமெரிக்காவும் சோவியத்தும் ஒரு விலங்குக்காக ஒரே தாளில் கையெழுத்திட்டது பெரிய விஷயம். பனிக்கரடியைக் கொல்வதும் பிடிப்பதும் கூடாது என்பதே ஒப்பந்தத்தின் அடிப்படை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கும், உள்ளூர் மக்களின் பாரம்பரிய உரிமைக்கும் விலக்கு உண்டு. கரடியைக் கொல்லவோ பிடிக்கவோ விமானமும் பெரிய மோட்டார் கப்பலும் பயன்படுத்தக் கூடாது. ஒப்பந்தத்தை மீறிக் கொன்ற கரடியின் தோலையோ உறுப்பையோ விற்கவும் வாங்கவும் கூடாது.

இதை ஒவ்வொரு நாடும் தன் வழியில் நிறைவேற்றுகிறது. ரஷ்யாவில் வேட்டை 1956இலேயே தடைசெய்யப்பட்டது. நார்வே 1973 முதல் முழுப் பாதுகாப்புத் தருகிறது. ஸ்வால்பார்டில் உயிருக்கு ஆபத்து என்று ஒருவர் கரடியைச் சுட்டாலும், உடனே ஆளுநர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், விசாரணையும் நடக்கும். அங்கே சுற்றுலா போகிறவர்களுக்கும் 2025 முதல் விதி கடுமையாகியிருக்கிறது. கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய அது 500 மீட்டர்.

உலகின் பனிக்கரடிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கனடாவில் இருக்கின்றன. அங்கே வடதுருவப் பகுதியின் பழங்குடியினரான இனுவிட் மக்களுக்கு வேட்டை உரிமை உண்டு, ஆனால் எத்தனை என்பதற்கு வரம்பு உண்டு. வெளிநாட்டு வேட்டைக்காரர் ஒருவர் இனுவிட் வழிகாட்டியோடு போய்ச் சுட்டால், அதுவும் அந்தச் சமூகத்தின் வரம்பில்தான் கழியும். கிரீன்லாந்திலும் 2006 முதல் வரம்பு இருக்கிறது. தலைமுறைகளாக இந்த விலங்கோடு வாழ்ந்த மக்களின் உரிமையைப் பறிக்காமல் வேட்டையைக் கட்டுக்குள் வைத்ததுதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பு என்று நினைக்கிறேன். அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது நியாயமே இல்லை.

உலக அளவிலான வணிகத்தைச் சைட்டிஸ் ஒப்பந்தம் கவனிக்கிறது. பனிக்கரடி அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதாவது, வணிகத்துக்குத் தடை இல்லை, அனுமதிச் சீட்டு வேண்டும். முதல் பட்டியலுக்கு மாற்றி வணிகத்தை நிறுத்த அமெரிக்கா 2010இலும் 2013இலும் முயன்றது. இரண்டு தடவையும் வாக்கெடுப்பில் தோற்றது.

சரி, இப்போது எத்தனை இருக்கின்றன? உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் 2015இல் செய்த மதிப்பீட்டில் சுமார் 26,000. 22,000 முதல் 31,000 வரை எதுவாகவும் இருக்கலாம். எந்த இனத்துக்கு எவ்வளவு அழிவு ஆபத்து என்று சொல்லும் அந்த அமைப்பின் சிவப்புப் பட்டியலில் பனிக்கரடியின் இடம் 'அழிவாய்ப்பு இனம்'. இப்போதைய எண்ணிக்கை குறைவு என்பதற்காக அந்த இடம் கொடுக்கப்படவில்லை. பனி குறையும் வேகத்தைப் பார்த்தால், அடுத்த மூன்று கரடித் தலைமுறைகளுக்குள், அதாவது சுமார் 35 முதல் 41 வருடங்களுக்குள், எண்ணிக்கை 30 சதவீதத்துக்கு மேல் விழ அதிக வாய்ப்பு இருக்கிறது என்பதே காரணம்.

இந்த மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் உண்மை பிடிபடாது. கரடிகளை இருபதுக்கு நெருக்கமான வட்டாரக் கூட்டங்களாகப் பிரித்துத்தான் எண்ணுகிறார்கள். கனடாவின் மெக்ளின்டாக் கால்வாய்ப் பகுதியில் 2000ஆம் ஆண்டு வாக்கில் 284 இருந்தவை 2016இல் 716 ஆயின. வேட்டையை முதலில் நிறுத்தி, பிறகு மிகக் குறைவாகவே அனுமதித்ததற்கு அதில் பங்கு உண்டு. இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அங்கிருந்த மிகத் தடித்த பழைய பனி மெலிந்ததால், கரடியின் இரையான சீல் என்னும் கடல் விலங்குகளுக்கும் கரடிகளுக்கும் தற்காலிகமாக வசதி கூடியது. ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் கதை நேர்மாறு. அங்கே 2011இல் 949, 2016இல் 842, 2021இல் 618. பனி சீக்கிரம் உடைந்து தாமதமாக உறைவதால், சீல் பிடிக்க வழியில்லாமல் கரடிகள் கரையில் பட்டினி கிடக்கும் நாட்கள் நீண்டுவிட்டன. அப்படிக் கிடக்கும் கரடி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ இளைக்கிறது. தாய் இளைத்தால் பால் வற்றும், குட்டிதான் முதலில் சாகும். வேட்டை வரம்பைக் குறைத்தாலும் இந்தக் குட்டி பிழைக்காது.

சட்டம் தடுமாறுவது இங்கேதான். 2008 மே மாதம் அமெரிக்கா பனிக்கரடியை அழிநிலை உயிரினச் சட்டத்தில் 'அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம்' என்று சேர்த்தது. முக்கியக் காரணமாகக் கடல் பனி இழப்பையே குறிப்பிட்டது. கனடாவில் சுட்ட கரடியின் தோலை வெற்றிச் சின்னமாக அமெரிக்காவுக்குக் கொண்டுவருவது அதோடு நின்றது. அலாஸ்கா பழங்குடியினரின் உணவு வேட்டை உரிமை தொடர்ந்தது. அப்புறம் 2010இல், அலாஸ்காவில் சுமார் 4.8 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை முக்கிய வாழிடம் என்று அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி கடல் பனி. வழக்குகளைத் தாண்டி அந்த அறிவிப்பு 2016இல் உறுதியானது.

ஆனால் பட்டியலில் சேர்த்த அதே நேரத்தில் ஒரு சிறப்பு விதியும் வந்தது. கரடி வாழும் பகுதிக்கு வெளியே நடக்கும் வேலைகளால் கரடிக்குத் தற்செயலாகக் கேடு வந்தால், அந்தச் சட்டத்தின் தடை அதற்குப் பொருந்தாது. உலகைச் சூடாக்கிப் பனியை உருக்கும், தொலைவில் இருக்கும் அனல் மின் நிலையத்தின் புகை இப்படித்தான் சட்டத்துக்கு வெளியே போனது. நீதிமன்றம் சுற்றுச்சூழல் ஆய்வு போதவில்லை என்று 2011இல் அந்த விதியைத் திருப்பி அனுப்ப, 2013இல் கிட்டத்தட்ட அதே விதி மறுபடி வந்தது. குறிப்பிட்ட ஒரு இடத்தின் புகைக்கும் குறிப்பிட்ட கரடிகளுக்கு நேர்ந்த கேட்டுக்கும் தொடர்பு காட்ட முடியாது என்பது அரசுத் தரப்பின் வாதம். 2008இல் அதை நம்பக் காரணம் இருந்திருக்கலாம். 2023இல் ஆம்ஸ்ட்ரப், பிட்ஸ் என்ற இரு அறிவியலாளர்கள் 'சயன்ஸ்' இதழில் அந்தத் தொடர்பைக் கணக்கிட்டே காட்டினார்கள். இவ்வளவு புகைக்கு இத்தனை பட்டினி நாட்கள், அதனால் பிழைக்கும் குட்டிகள் இவ்வளவு குறையும் என்று சொல்ல முடியும் என்றார்கள்.

ஆஸ்லோ ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு, பனிக்கரடி வாழும் சூழலைக் காக்கத் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஐந்து நாடுகளையும் கட்டுப்படுத்துகிறது. குகை, இரை கிடைக்கும் இடம், நடமாடும் வழி எல்லாம் அதில் அடக்கம். 2015இல் ஐந்து நாடுகளும் சேர்ந்து வெளியிட்ட பத்தாண்டுச் செயல்திட்டம் காலநிலை மாற்றத்தையே முதன்மை அச்சுறுத்தலாக ஒப்புக்கொண்டது. ஆனால் புகையைக் குறைப்பது அந்தத் திட்டத்தின் கையில் இல்லை. அதை உலகக் காலநிலைப் பேச்சுவார்த்தைகளுக்கு விட்டுவிட்டார்கள்.