தேவையற்ற பம்பா, இணைக்காப்பா?

'இரண்டு தேவையற்ற பம்புகள் பொருத்தப்பட வேண்டும்.' மொழிபெயர்ப்பாகி வந்த கையேடு ஒன்றில் இப்படி இருந்தது. தேவையில்லை என்றால் எதற்குப் பொருத்துவது? திருத்தச் சொன்னேன். அடுத்த முறை 'மிகைமைப் பம்பு' ஆகி வந்தது.

மூலச்சொல் ரிடண்டன்சி. லத்தீனில் 'உண்டா' என்றால் அலை. அதன் வழி வந்த 'ரெடுண்டாரே' என்றால் பொங்கி வழிதல். ஆங்கிலத்தில் அது வேண்டாத மிகுதியைக் குறிக்கும். பிரிட்டனில் ஆட்குறைப்புக்கும் அதே சொல்தான். பொறியியலில் மட்டும் சங்கதி வேறு: ஒன்று பழுதானாலும் வேலை நிற்காதபடி, அதே வேலைக்கு இன்னொன்றையும் வைப்பது.

மிகைமை என்பதைப் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மிகைபடக் கூறல்' ஒன்று. மிகை என்றாலே நமக்குக் குறைத்துவிடத்தான் தோன்றும். சரி, அந்த 'மிகை'யைக் கழற்றிவிட்டுக் கணக்குப் போடுங்கள். அமைப்பின் நம்பகத்தன்மை இலக்கு 0.9999. ஒரே பம்பு என்றால் அது 10,000-இல் ஒரு முறைதான் தவறலாம். தனித்தனியே இயங்கும் இரண்டு பம்புகளில் எது ஓடினாலும் போதும் என்றால், ஒவ்வொன்றுக்கும் 0.99 போதும்: ஒன்று தவறும் வாய்ப்பு 0.01; இரண்டும் சேர்ந்து தவற 0.01-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 0.0001, அதாவது அதே 10,000-இல் ஒன்று. இலக்கை இவ்வளவு தளர்த்திக் கொடுத்த பம்பையா மிகை என்பது?

'துணைக்காப்பு' தேவலை. ஆனால் துணைத்தலைவர் மாதிரி ஒரு படி கீழே நிற்கிறது. இங்கே இரண்டும் சம அந்தஸ்து. 'மாற்று' என்றால் முதலாவது நின்ற பிறகுதான் இரண்டாவது வரும் என்று படும். இரண்டும் சேர்ந்தே ஓடும் அமைப்புகளும் உண்டு. என் ஓட்டு 'இணைக்காப்பு'க்கு. ஒன்று சும்மா காத்திருந்தால் 'காத்திருப்பு இணைக்காப்பு' என்று நீட்டிக்கொள்ளலாம். இரண்டு பம்புக்கும் ஒரே மின்கம்பி என்றால், அது போனால் இரண்டும் நின்றுவிடும்; மேலே போட்ட கணக்கே செல்லாது. அப்போது இணைக்காப்பு என்று பெயர் வைத்தும் பயனில்லை.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் அந்தப் பம்பு என்ன செய்கிறது என்று ஒரு முறையாவது கேட்கலாம். அதே கையேட்டில் 'நம்பகத்தன்மை ஒதுக்கீடு' என்றும் இருந்தது. எதையும் இங்கே ஒதுக்கி வைப்பதில்லை. மொத்த இலக்கை உறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். பங்கீடு என்று எழுதினால் போதாதா?